நல்ல பேருக்கு எந்த விண்வெளி விளையாட்டு சரியான கூலி தருகிறது? ஈவ், எலீட், வார்ஃப்ரேம் ஒரு மதிப்புரை

ஆன்லைன் விண்வெளி விளையாட்டு என்றதும் எல்லாரும் கப்பலையும் சண்டையையும் பற்றித்தான் பேசுகிறார்கள். மாதக்கணக்கில் ஆடப்போகிற ஒருவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எனக்கு வேறாகப் படுகிறது: ஒரு தரப்புக்காக மிஷன் மேல் மிஷனாக உழைத்தால் அந்தத் தரப்பு என்ன திருப்பித் தரும், அதற்காக யாரைப் பகைத்துக்கொள்ள நேரும்? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு விளையாட்டும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்கிறது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நற்பெயருக்கு ஒரு விலை வைக்கிற விளையாட்டில்தான் கூலிக்கும் மதிப்பு இருக்கிறது. அந்த வகையில் ஈவ் ஆன்லைன் எல்லாவற்றையும் விட ரொம்ப தூரம் முன்னால் நிற்கிறது. எலீட் டேஞ்சரஸ் தாராளமாகத் தருகிறது, ஆனால் எதையும் கேட்பதில்லை. வார்ஃப்ரேம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

ஈவிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அங்கேதான் விஷயம் அதிகம். ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003இல் வெளியிட்ட விளையாட்டு இது. ஒரு தரப்பிடம் உங்களுக்கு இருக்கும் பேரைக் காட்டும் ஸ்டாண்டிங் என்ற எண் மைனஸ் 10இலிருந்து பிளஸ் 10 வரை போகும். அது ஒரே எண்ணும் இல்லை: மிஷன் தருகிற ஏஜென்டிடம் ஒன்று, அவர் வேலை பார்க்கும் கார்ப்பரேஷனிடம் ஒன்று, அந்தக் கார்ப்பரேஷன் சார்ந்த பேரரசிடம் ஒன்று என்று மூன்று அடுக்காக இருக்கிறது. ஏஜென்ட்களுக்கு 1 முதல் 5 வரை லெவல். முதல் லெவல் ஏஜென்ட் யாருக்கும் வேலை கொடுப்பார். இரண்டாம் லெவலுக்கு 1.0, மூன்றாம் லெவலுக்கு 3.0, நான்காம் லெவலுக்கு 5.0, ஐந்தாம் லெவலுக்கு 7.0 வேண்டும். இந்த மூன்று அடுக்கில் ஏதாவது ஒன்று அந்த அளவைத் தொட்டால் போதும், கதவு திறக்கும். ஆனால் மூன்றில் எதாவது ஒன்று மைனஸ் 2.0க்குக் கீழே போய்விட்டால் முதல் லெவலைத் தவிர மற்ற ஏஜென்ட்கள் முகம் கொடுத்தே பேச மாட்டார்கள், மற்ற இரண்டு எண்ணும் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் சரி. நல்லதில் ஒன்று போதும், கெட்டதிலும் ஒன்று போதும். எனக்கு மிகவும் பிடித்த விதி இது, அசல் உறவுகளும் ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்கின்றன.

லெவல் ஏறும்போது கூலி கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதில்லை, தாவுகிறது. முதல் லெவல் மிஷனில் ஃப்ரிகேட் என்ற சிறிய ரகக் கப்பலை வைத்துக்கொண்டு நாலைந்து கொள்ளையர்களைச் சுட்டுவிட்டு வரலாம். நான்காம் லெவலுக்கு பேட்டில்ஷிப் என்ற பெரிய போர்க்கப்பலோ அதற்கு இணையான ஒன்றோ வேண்டும், அதற்கேற்றபடி வருமானமும் வேறு உலகம். ஆகவே புதியவர்கள் "இந்த மிஷனுக்கு எத்தனை இஸ்க் (ஈவின் பணம்)?" என்று ஒவ்வொரு மிஷனாகக் கணக்குப் பார்ப்பதில் பெரிய அர்த்தம் இல்லை. ஆரம்பத்தில் செய்கிற ஒவ்வொரு மிஷனின் உண்மையான கூலியும் அது எண்ணில் ஏற்றுகிற அந்தப் புள்ளிக்குப் பின்னால் வரும் பின்னம்தான். அதிலும் ஒரு நயம் இருக்கிறது: ஏற்றம் என்பது 10ஐ எட்ட இன்னும் எவ்வளவு மீதி இருக்கிறதோ அதில் இத்தனை சதவீதம் என்று கணக்கிடப்படுகிறது, அதனால் கீழே இருக்கும்போது வேகமாக ஏறும், மேலே போகப் போக ஊர்ந்து செல்லும். 5.0 வரை உற்சாகமாகப் போய்விட்டு அப்புறம் 7.0ஐப் பார்த்து மலைத்துப் போகிறவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் லாயல்டி பாயின்ட். மிஷன் திரையில் இஸ்க் தொகைக்குப் பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும் இந்த எல்பி எண்ணை நிறையப் பேர் கண்டுகொள்வதே இல்லை, ஆனால் நான்காம் லெவல் ஆட்டத்தில் பெரிய பங்கு வருமானம் இதில்தான் இருக்கிறது. எந்தக் கார்ப்பரேஷனுக்கு வேலை செய்தீர்களோ அந்தக் கார்ப்பரேஷனின் கடையில்தான் அந்தப் புள்ளிகள் செல்லும். அங்கே புள்ளியோடு கொஞ்சம் இஸ்க்கும், சில பொருளுக்கு வீழ்த்திய எதிரிகளிடமிருந்து எடுத்த டேக் என்ற அடையாள வில்லைகளும் கொடுத்து, சந்தையில் நல்ல விலை போகும் கடற்படை ரக ஆயுதங்களையும் கப்பல்களையும் வாங்கி விற்கலாம். ஆக ஒரு புள்ளிக்கு எத்தனை இஸ்க் கிடைக்கும் என்பதை முடிவு செய்வது மற்ற ஆட்டக்காரர்களின் சந்தை. எல்லாரும் ஒரே கடையில் ஒரே பொருளை வாங்கிக் கொட்டினால் விலை இறங்கும். யாரும் எட்டிப்பார்க்காத ஒரு கார்ப்பரேஷனுக்கு வேலை செய்தவருக்கு அன்றைக்கு நல்ல காலம். சிஸ்டர்ஸ் ஆஃப் ஈவ் என்ற தரப்பின் கடை இதற்கு நல்ல உதாரணம். அஸ்டெரோ, ஸ்ட்ராட்டியோஸ், நெஸ்டர் கப்பல்களும் ஆராய்ச்சிக்கு உதவும் புரோப் லாஞ்சரும் அங்கே கிடைப்பதால் ஓஸ்மான் போன்ற நட்சத்திர அமைப்புகளில் அவர்களுடைய நான்காம் லெவல் ஏஜென்ட்களைச் சுற்றி எப்போதும் கூட்டம்தான்.

பாதுகாப்பு குறைந்த அமைப்பில் இருக்கிற ஏஜென்ட் அதே மாதிரி வேலைக்கு அதிக எல்பி கொடுப்பார். ஆபத்துக்கு விலை. அங்கே மற்ற ஆட்டக்காரர்கள் உங்களைத் தேடி வந்து சுடலாம் என்பதால் அந்தக் கூடுதல் புள்ளிகளைச் சும்மா வாங்கிக்கொண்டு போக முடியாது. எனக்கு இது நியாயமான பேரமாகத் தெரிகிறது.

சரி, இனி பகைக்கு வருவோம். சாதாரண மிஷன்கள் ஏஜென்டிடமும் கார்ப்பரேஷனிடமும்தான் பேர் சேர்க்கும். பேரரசிடம் பேர் வாங்க ஸ்டோரிலைன் மிஷன் வேண்டும். ஒரே பேரரசைச் சேர்ந்த ஏஜென்ட்களிடம் ஒரே லெவலில் 16 மிஷன் முடித்தால் ஒரு ஸ்டோரிலைன் ஏஜென்ட் கூப்பிடுவார். அந்த ஒரு மிஷனை முடித்ததும் பேரரசின் ஸ்டாண்டிங் கணிசமாக ஏறுகிறது, கூடவே அதன் நண்பர்களிடமும் கொஞ்சம் ஏறுகிறது, எதிரிகளிடம் இறங்குகிறது. ஈவின் நான்கு பேரரசுகளில் கால்டாரிக்கு நல்லவராக இருந்தால் அமார் சிரிப்பார்கள், கலென்டேவும் மின்மட்டாரும் முகம் சுளிப்பார்கள். இதை யாரும் அவசரமாக வந்து எச்சரிக்கப் போவதில்லை. ஸ்டாண்டிங் பட்டியலைத் திறந்து பார்க்கிற பழக்கம் இல்லாதவருக்கு, ஒருநாள் கலென்டே எல்லைக்குள் சரக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது கடற்படைக் கப்பல்கள் வந்து சுட ஆரம்பித்ததும்தான் விஷயம் தெரியும். பேரரசு ஸ்டாண்டிங் மைனஸ் 5க்குக் கீழே போனால் அதுதான் நடக்கும்: அவர்களுடைய உயர்பாதுகாப்புப் பகுதிகள் உங்களுக்கு மூடியதற்குச் சமம்.

இந்த இடத்தில்தான் ஈவ் மற்ற விளையாட்டுகளிடமிருந்து பிரிந்து நிற்கிறது. கூலி என்பது வரவு மட்டும் இல்லை என்று ஆகிவிடுகிறது. கால்டாரிக்கு உழைத்து ராவன் நேவி இஷ்யூ என்ற கடற்படை ரகக் கப்பலை வாங்கியவர் அதற்காகப் பிரபஞ்சத்தின் ஒரு பகுதியை மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்திருக்கிறார். அந்தக் கப்பலைப் பார்க்கும்போது அதன் பின்னால் ஒரு தேர்வு இருக்கிறது என்று தெரிகிறது. தேர்வு இல்லாத இடத்தில் நற்பெயர் என்பது வெறும் இன்னொரு அனுபவப் புள்ளிப் பட்டைதான் என்பது என் உறுதியான கருத்து.

பகையைச் சமாளிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள், அதுவும் மலிவாக இல்லாமல். கனெக்‌ஷன்ஸ் என்ற திறன் நல்ல ஸ்டாண்டிங்கை உயர்த்திக் காட்டும், டிப்ளமசி கெட்டதைத் தணிக்கும். இரண்டும் ஒரு லெவலுக்கு 4 சதவீதம், 10க்கு இருக்கும் தூரத்தின் மேல். உதாரணமாக அசல் 4.0 இருந்து கனெக்‌ஷன்ஸ் ஐந்தாம் லெவல் இருந்தால், மீதி 6இல் 20 சதவீதம் 1.2, ஆக 5.2 என்று கணக்காகும், நான்காம் லெவல் ஏஜென்ட் பேசுவார். அசல் மைனஸ் 4.0 இருப்பவர் டிப்ளமசியை ஐந்தாம் லெவல் வரை பயின்றால் மைனஸ் 1.2 ஆகும், அதாவது அந்த மைனஸ் 2.0 தடையைத் தாண்டிவிடுவார். பயிற்சிக்கு ஆகும் நாட்கள்தான் இதற்கு விலை. சோஷியல் என்ற திறன் ஸ்டாண்டிங் ஏற்றத்தையே லெவலுக்கு 5 சதவீதம் கூட்டும், அதனால் மிஷன் ஆடுவதாக முடிவு செய்த ஆள் முதலில் பயில வேண்டியது அதுதான். துப்பாக்கித் திறன்களுக்கு முன்பே கூட என்று சொல்வேன்.

மிஷனே ஆடாத வியாபாரிகளுக்கும் இந்த எண் தேவைப்படுகிறது என்பது ஈவின் இன்னொரு அழகு. விளையாட்டின் பெரிய சந்தை ஜிட்டா என்ற நட்சத்திர அமைப்பில் இருக்கிற கால்டாரி நேவி நிலையம். அங்கே தரகுக் கட்டணம் 3 சதவீதத்தில் ஆரம்பித்து, புரோக்கர் ரிலேஷன்ஸ் திறனின் ஒவ்வொரு லெவலுக்கும் 0.3 குறைந்து, அதன் மேல் பேரரசு ஸ்டாண்டிங்கின் ஒவ்வொரு புள்ளிக்கும் 0.03, கார்ப்பரேஷன் ஸ்டாண்டிங்கின் ஒவ்வொரு புள்ளிக்கும் 0.02 குறையும். இங்கே கனெக்‌ஷன்ஸ் கைகொடுக்காது, அசல் எண்தான் கணக்கு. சின்னத் தொகை மாதிரித் தெரியும். நாள் முழுக்க வாங்கி விற்கிறவருக்கு அந்த அரை சதவீதம் லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் நடுவில் இருக்கிற கோடு. அதற்காகவே சண்டையில் எந்த ஆர்வமும் இல்லாத வியாபாரிகள் கால்டாரி நேவிக்கு மிஷன் ஆடுகிறார்கள். சுரங்கக்காரர்களுக்கும் உண்டு: தாதுவைப் பிரிக்கும்போது நிலையம் எடுக்கிற 5 சதவீத வரி, கார்ப்பரேஷன் ஸ்டாண்டிங் 6.67ஐத் தொட்டால் பூஜ்யம்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. முதலாவது, இது அலுப்பான உழைப்பு. அதே சில மிஷன்கள் திரும்பத் திரும்ப வரும், எதிரிகளின் எந்த அலை எப்போது வரும் என்பது மனப்பாடம் ஆகிவிடும். பிடிக்காத மிஷனை மறுக்கலாம் என்றால் ஒரு ஏஜென்டிடம் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் சும்மா மறுக்க முடியும், இரண்டாவது தடவை மறுத்தால் ஸ்டாண்டிங் அடி வாங்கும். எதிர்ப் பேரரசின் கப்பல்களைச் சுடச் சொல்லும் மிஷனைத் தவிர்க்க நினைப்பவருக்கு இந்த 4 மணி நேரம் நிஜமான தலைவலி. அடுத்தடுத்து இரண்டு அப்படி வந்தால் ஏஜென்டிடம் கெட்ட பேரா, பேரரசிடம் கெட்ட பேரா என்று முடிவு செய்தாக வேண்டும். இரண்டு மூன்று ஏஜென்ட்களை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதுதான் நடைமுறையில் உதவுகிற வழி. இரண்டாவது குறை பெரிது: மேலே நான் சொன்ன கணக்கில் பாதியை விளையாட்டு தானாகப் புதியவருக்குப் புரியவைப்பதில்லை. ஈவ் யுனிவர்சிட்டி என்ற ஆட்டக்காரர்களின் அமைப்பு 2004இலிருந்து புதியவர்களுக்குப் பாடம் எடுக்கிறது, அவர்களுடைய விக்கிதான் பலருக்கு உண்மையான கையேடு. ஒரு விளையாட்டின் மையமான விதியை அதன் ஆட்டக்காரர்கள் எழுதிவைத்துக் கற்றுத்தர வேண்டியிருப்பது அவர்களுக்குப் பெருமை. விளையாட்டை வடிவமைத்தவர்கள் கவனிக்க வேண்டிய இடமும் அதுதான்.

ஏற்கெனவே பேரைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு ஒரு வழி: அர்னான் அமைப்பில் சிஸ்டர் அலிடுராவிடம் ஆரம்பிக்கும் பிளட்-ஸ்டெய்ன்ட் ஸ்டார்ஸ் தொடர். முதல் லெவல் ஆட்டம்தான், யாரும் ஆடலாம், நீளம் அதிகம், 3 மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யலாம். கடைசியில் நான்கு பேரரசில் ஒன்றிடம் நல்ல ஏற்றம் கிடைக்கும். எந்தப் பேரரசு உங்களைப் பார்த்தால் சுடுகிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது எலீட் டேஞ்சரஸ். ஃப்ரான்டியர் டெவலப்மென்ட்ஸ் 2014 டிசம்பரில் வெளியிட்டது. பறக்கிற உணர்வில் இதை மிஞ்ச ஆளில்லை, அதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ஒவ்வொரு நட்சத்திர அமைப்பிலும் பல சிறு தரப்புகள், அவற்றுக்கு மேலே ஃபெடரேஷன், எம்பயர், அலையன்ஸ் என்று மூன்று வல்லரசுகள். சிறு தரப்பிடம் உங்கள் பேர் விரோதம், நட்பின்மை, நடுநிலை, இணக்கம், நட்பு, கூட்டாளி என்று படிப்படியாகப் போகும். கூட்டாளி ஆனதும் மிஷன் பலகையே மாறிவிடும். கூலி பெரிதாக இருக்கிற வேலைகள் அப்போதுதான் முழுசாகத் திறக்கின்றன. மிஷனை முடிக்கும்போது கூலியை எந்த வடிவில் வாங்குவது என்று கேட்பதுதான் எலீட் செய்த மிக நல்ல காரியம். கிரெடிட் (எலீட்டின் பணம்) அதிகமாக வேண்டுமா, அந்தத் தரப்பிடம் பேர் அதிகமாக வேண்டுமா, அமைப்பில் அவர்களுடைய செல்வாக்கு ஏற வேண்டுமா, கப்பல் கருவிகளை மேம்படுத்தித் தரும் இன்ஜினியர்களுக்குத் தேவையான பொருள் வேண்டுமா? பிளஸ் குறிகளாகக் காட்டுவார்கள், ஐந்து பிளஸ் வரை. புது அமைப்புக்குப் போனதும் முதலில் பேரை எடுத்துக்கொள்ளுங்கள், கூட்டாளி ஆன பிறகு கிரெடிட்டுக்கு மாறுங்கள். ஈவ் மறைத்துவைப்பதை எலீட் வெளிப்படையாக மேசையில் வைக்கிறது, அதற்கு முழு மதிப்பெண்.

பேருக்கும் கூலிக்கும் உள்ள தொடர்பு மிக லாபமாக மாறுகிற இடம் மாசக்கர் மிஷன்கள். ஒரே கடற்கொள்ளைத் தரப்பை அழிக்கச் சொல்லி ஒரு அமைப்பில் இருக்கிற பல தரப்புகள் தனித்தனியாக மிஷன் கொடுக்கும். நீங்கள் சுட்டு வீழ்த்தும் ஒரு கப்பல், மிஷன் கொடுத்த ஒவ்வொரு தரப்பின் கணக்கிலும் ஒரே நேரத்தில் ஒன்றாக ஏறும். ஆகவே ஒரே ஒரு தரப்பிடம் பேர் வைத்திருப்பவரை விட அந்த அமைப்பில் எல்லாரிடமும் கூட்டாளியாக இருப்பவர் அதே உழைப்புக்குப் பல மடங்கு வாங்குகிறார். மொத்தம் 20 மிஷன்தான் கையில் வைத்திருக்க முடியும் என்பதால் எதை எடுப்பது என்று யோசிக்கவும் வேண்டியிருக்கிறது. கணக்குப் போட்டு ஆடுகிறவர்களுக்கு இது அருமையான தீனி.

ஆனால் வல்லரசு மட்டத்தில் ஏமாற்றம்தான். ஃபெடரேஷனும் எம்பயரும் கதைப்படி ஜென்மப் பகை. ஃபெடரல் கார்வெட் வாங்க ஃபெடரல் கடற்படையில் ரியர் அட்மிரல் ஆக வேண்டும், இம்பீரியல் கட்டர் வாங்க எம்பயரில் ட்யூக் ஆக வேண்டும், சோல் அமைப்புக்குள் (நம் சூரியக் குடும்பம்) நுழையவே பெட்டி ஆஃபீசர் பதவி வேண்டும். எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரே ஆள் ரியர் அட்மிரலாகவும் ட்யூக்காகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம், ஒருவரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்! ஹாங்கரில் கார்வெட்டும் கட்டரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். போதாக்குறைக்கு நன்கொடை மிஷன் என்று ஒன்று, கிரெடிட்டைக் கொடுத்துப் பேரை வாங்கிக்கொள்ளலாம். பணம் இருக்கிறவருக்குப் பேர் கிடைக்கும், பேர் இருக்கிறவருக்கு இன்னும் பணம் கிடைக்கும், நடுவில் இழப்பு என்று ஒன்றுமே இல்லை. அந்தப் பதவிகளுக்காக உழைத்த உழைப்பையே இது கொஞ்சம் மலிவாக்கிவிடுகிறது என்று நினைக்கிறேன். மறுபக்கம், எதையும் இழக்க விரும்பாத, வேலை முடிந்து இரவில் கொஞ்ச நேரம் மட்டும் ஆடுகிற ஒருவருக்கு இந்தத் தாராளம்தான் சரி, அதையும் மறுக்க மாட்டேன்.

எலீட்டின் பின்னணிச் சிமுலேஷனை மட்டும் தனியாகப் பாராட்ட வேண்டும். உங்கள் மிஷன்களால் ஒரு தரப்பின் செல்வாக்குச் சதவீதம் ஏறும், மற்றவர்களுடையது இறங்கும், இரண்டு தரப்பும் நெருங்கி வந்தால் போர் வெடிக்கும், போர் வந்தால் பலகையில் சண்டை மிஷன்கள் குவியும். தொற்றுநோய் வந்தால் மருந்து கொண்டுவரச் சொல்வார்கள். ஒரு குட்டி அமைப்பைப் பிடித்துக்கொண்டு, தங்களுக்குப் பிடித்த தரப்பை ஆட்சியில் உட்காரவைக்க ஆட்டக்காரக் குழுக்கள் வருஷக்கணக்கில் உழைக்கின்றன. அந்தக் குழுக்களில் சேர்ந்து ஆடினால் நற்பெயருக்கு எலீட் தராத கனத்தை மனிதர்கள் தருகிறார்கள்.

வார்ஃப்ரேம் 2013இலிருந்து இருக்கிறது. கப்பல் விளையாட்டு என்று சொல்வதை விட விண்வெளியில் ஓடிச் சுடும் விளையாட்டு என்பது பொருத்தம். அதன் ஆறு சிண்டிகேட்கள், அதாவது ஒன்றோடொன்று நட்பும் பகையும் உள்ள தரப்புகள், இந்தப் பேச்சுக்கு முக்கியம். ஸ்டீல் மெரிடியனுக்குப் பேர் சேர்த்தால் கூட்டாளியான ரெட் வெயிலுக்கும் பாதி சேரும், பெரின் சீக்வென்ஸ் பக்கம் இறங்கும். இறங்கியவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், மிஷன் நடுவில் கொலைப்படை அனுப்புவார்கள். பகைக்கு ஒரு முகம் இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதே நேரம் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு: 16,000 புள்ளி, அதோடு மாஸ்டரி ரேங்க் என்ற ஆட்டக்காரர் படிநிலை ஒவ்வொன்றுக்கும் 500. மேல் படிக்குப் போகப் புள்ளி மட்டும் போதாது, கேட்கிற பொருட்களையும் காணிக்கையாகக் கொடுக்க வேண்டும். கூலியாகக் கிடைக்கும் ஆயுதங்களை மற்ற ஆட்டக்காரர்களுக்கு பிளாட்டினத்துக்கு (காசு கொடுத்தும் வாங்கக்கூடிய விளையாட்டுப் பணம்) விற்கலாம் என்பதால் காசு செலவழிக்காமல் ஆடுகிறவர்களுக்கு இது நம்பகமான வருமான வழி.

ஸ்டார் ட்ரெக் ஆன்லைனில் ரெப்யூட்டேஷன் என்ற பெயரில் இருப்பது கடிகாரத்தோடு நடக்கிற சேமிப்பு. 20 மணி நேரத் திட்டத்தைப் போட்டுவிட்டு மறுநாள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும், 1,00,000 புள்ளி சேர்ந்தால் ஐந்தாம் அடுக்கு. யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நல்ல கருவிகள் கிடைக்கும், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இவற்றையெல்லாம் பார்க்கும்போது ஃப்ரீலான்சரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஈவ் வந்த அதே 2003இல் வந்தது, ரசிகர்கள் நடத்தும் சர்வர்களில் சேர்ந்து ஆடிய விளையாட்டு. ஒரு தரப்பின் கப்பலைச் சுட்டால் அதன் எதிரிகளுக்கு உங்களைப் பிடிக்கும், அளவுக்கு மீறிப் பகைத்தால் அவர்களுடைய தளத்தில் இறங்கவே விடமாட்டார்கள். மதுக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு லஞ்சம் கொடுத்துப் பேரைச் சரிசெய்துகொள்ளலாம். எலீட்டின் நன்கொடை மிஷனும் பணம் கொடுத்துப் பேர் வாங்குவதுதான், ஆனால் ஃப்ரீலான்சரில் அந்த லஞ்சம் கதையோடு ஒட்டிப் பொருந்தியது, ஏனென்றால் சரிசெய்ய வேண்டிய பகை அங்கே உண்மையாகவே இருந்தது.

எதை ஆடுவது என்று கேட்பவர்களுக்கு: நேரம் குறைவு, எல்லாக் கப்பலையும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் எலீட். காசு போடாமல் ஆரம்பித்து நண்பர்களோடு துள்ள வேண்டும் என்றால் வார்ஃப்ரேம். ஒரு தரப்பைத் தேர்ந்தெடுத்து அதன் விளைவோடு வாழத் தயார் என்றால் ஈவ். ஈவில் ஆரம்பிக்கிறவர்கள் முதல் வாரத்திலேயே கேரக்டர் ஷீட்டில் ஸ்டாண்டிங் பக்கத்தைத் திறந்து நான்கு பேரரசின் எண்ணையும் பார்த்துவையுங்கள். சோஷியலை பயிற்சி வரிசையில் போடுங்கள். கனெக்‌ஷன்ஸ் அடுத்தது. ஸ்டோரிலைன் அழைப்பு வந்ததும் உடனே ஏற்றுக்கொள்ளாமல், அது எந்தப் பேரரசுக்கு, அந்தப் பேரரசின் எதிரி எல்லைக்குள் உங்களுக்கு இனிமேல் வேலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு "சரி" அழுத்துங்கள்.